சீல் வெச்ச தாய்ப்பால்

எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா. என் கொழுந்தன் பொண்டாட்டி, எனக்கு ஓர்ப்படி. யாரு எதைக் குடுத்தாலும் முதல்ல கையில வாங்கி ஒரு தூக்கு தூக்கிப் பாப்பா. தக்காளிப் பையாகட்டும், கேஸ் சிலிண்டராகட்டும், அவ புருஷன் வாங்கிட்டு வர்ற ஆப்பிளாகட்டும். "கொறையுதே"ன்னு ஒரு வார்த்தை. அப்புறம் எடை போட்டுப் பாத்தா கொறைஞ்சுதான் இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு தடவையாவது தப்பாச் சொல்லித் தொலைய வேண்டாமா?

அவ வேலை அப்படி. கடை கடையாப் போய்த் தராசு ஒழுங்கா நிக்குதா, லாரி ஏத்தி எடை பாக்கற மேடை ஒழுங்காக் காட்டுதான்னு சோதிச்சு, சரியா இருந்தா கம்பி கட்டி சீல் அடிச்சுட்டு வர்ற ஆபீசர். சரியா இல்லன்னா பூட்டிட்டு வருவா. ஆபீஸ் கார் டிக்கி பூரா எடைக்கல்லு. அதை வெறுங்கையால யாரும் தொடக் கூடாது, கைப்பிசுக்கு பட்டா எடை மாறிடுமாம். போற இடத்துல ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டா. "இன்னைக்குத் தண்ணி, நாளைக்கு டீ, அடுத்த வாரம் என் பேனாவைப் பிடிச்சு அவங்களே எழுதுவாங்க அக்கா"ம்பா.

அந்த வேலைக்கு அவ சும்மா வந்துடல. அவ அம்மா பருத்தி பறிக்கப் போனவ. பகலெல்லாம் முதுகு ஒடிய நிரப்பின மூட்டை, சாயங்காலம் முதலாளி தராசுல ஏறினதும் இளைச்சுப் போயிருமாம். இவ சின்னப் பிள்ளையா அந்தத் தராசையே உத்து உத்துப் பாத்துக்கிட்டு நிப்பாளாம். பரீட்சையில ரெண்டு தடவை கோட்டை விட்டு, மூணாவது தடவை பாஸ் பண்ணி உள்ள நுழைஞ்சா. பொண்ணு பாக்கப் போனப்பவே எங்க மாமனார் கிட்ட நேரா சொன்னா: "வேலைய மட்டும் விடச் சொல்லாதீங்க." அவரும் தலையை ஆட்டிட்டு வந்தாரு.

நாள் பூரா எதிர்ல நிக்கறவன் ஏமாத்தறான்னு நினைச்சே வேலை பாக்கறவ, வீட்டு வாசல்ல செருப்போட சேத்து அந்த நினைப்பையும் கழட்டி வெச்சுட்டா வருவா? அதுவும் கூடவே உள்ள வந்து சோபாவுல உக்காரும். 

பயல் பொறந்தான். மூணு மாசம் மடியிலயே கெடந்தான். பொறக்கறதுக்கு முன்னாடி எடுத்தது போக மீதி லீவு முடிஞ்சதும் இவ கிளம்பிட்டா. டப்பா பால் குடுத்துப் பாத்தோம், உடம்பு பூரா தடிச்சுப் போய்க் கத்தினான். டாக்டர் அதை நிறுத்தச் சொல்லிட்டாரு. ஆக, பகல்ல அவனுக்கு ஆகாரம்னா அது இவ எடுத்து வெச்சுட்டுப் போற தாய்ப்பால்தான். குடுக்கறது நான். எனக்கு ரெண்டு பிள்ளைங்க, ரெண்டும் பள்ளிக்கூடம் போயிடுது, வீட்டுல வெட்டியாத்தானே இருக்கேன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க. வெட்டியா இருக்கறவ எப்படி இருப்பான்னு ஒரு நாள் சமையல்கட்டுல வந்து நின்னு பாத்தாத் தெரியும். அது கிடக்கட்டும்.

இவளுக்கு ஆபீஸ்ல உக்காந்து பால் எடுக்க ஏது நேரம்? பொழுதெல்லாம் ரோட்டுல. அதனால கார்லயே எடுக்க ஆரம்பிச்சா. சின்ன மிஷின் ஒண்ணு, ரப்பர் குழாய், மேல போத்திக்க ஒரு சால்வை. போன் சார்ஜ் போடற ஓட்டையில வயரைக் குத்திட்டு, ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவுல பாட்டிலை நிரப்பிடுவா. ஐஸ் பெட்டியில வெச்சு சாயங்காலம் கொண்டு வருவா. நான் ஃபிரிட்ஜ்ல வெச்சு மறுநாள் குடுப்பேன். எங்க மாமனாருக்கு ஃபிரிட்ஜைத் திறக்கவே கூச்சம். தாய்ப்பால்னு வாய்ல வராது அவருக்கு. "அம்மாடி, அந்த சமாச்சாரத்துக்குப் பின்னாடி என் மாத்திரை இருக்கு, கொஞ்சம் எடுத்துக் குடு"ம்பாரு.

சிக்கல் என்னன்னா, பயல் கார் பாலைக் குடிக்க மாட்டேங்கறான்.

காலையில இவ கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு பாட்டில் எடுத்து என் கையில குடுத்துட்டுப் போவா. அதை மடமடன்னு குடிப்பான். அது தீர்ந்து, நேத்து கார்ல எடுத்ததைச் சூடு காட்டிக் குடுத்தா ஒரு வாய் இழுப்பான், மூஞ்சியைச் சுளிப்பான், புளிச்சுனு என் மேல துப்புவான். மூக்குக்கிட்ட வெச்சுப் பாத்தா லேசா ஒரு வாடை. கெட்டுப்போன பால் நாத்தம் எனக்குத் தெரியாதா? அது இல்ல. இது வேற. துணி துவைச்ச தண்ணி மாதிரி, சோப்பு வாடை.

டாக்டர் கிட்ட போனோம். எடை மேடையில படுக்க வெச்சாங்க. ஏறவே இல்ல. "பால் உள்ள போகல. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா சும்மா விட முடியாது"ன்னுட்டாரு டாக்டர். இவ என்ன பண்ணினா தெரியுமா? டாக்டரோட தராசைச் சந்தேகப்பட்டா. மறுநாள் எடைக்கல்லைத் துணியில சுத்திக் கொண்டு போய், நர்ஸ் கையைக் காலைப் பிடிச்சு, பிள்ளை படுக்கற தராசுல வெச்சுப் பாத்தா. தராசு சரியாத்தான் இருந்துச்சு. எத்தனையோ தராசு பொய் சொன்னப்பல்லாம் கோவப்பட்டவ, அன்னைக்கு ஒரு தராசு உண்மை சொன்னதுக்கு அங்கயே உக்காந்து அழுதா.

அன்னைக்குச் சாயங்காலம் மாமனார் பேப்பரை மடிச்சு வெச்சுட்டுப் பேசினாரு.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. பிள்ளை தேறலன்னா வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துடும்மா. அன்னைக்குக் குடுத்த வாக்கை மீறறேன்னு நினைச்சாலும் பரவாயில்ல."

நான் இவ சண்டை போடுவான்னு பாத்தேன். "சரி மாமா"ன்னுட்டா. அவ புருஷன், அதான் என் கொழுந்தன், பஸ் டிப்போவுல மெக்கானிக். அவன் சுவத்துல இருந்த பல்லியைப் பாத்துக்கிட்டு இருந்தான்.

மறுநாள் சாயங்காலம் ஃபிரிட்ஜைத் திறக்கறேன், ஒவ்வொரு பாட்டில் மூடியிலயும் வெள்ளை டேப். மூடிக்கும் பாட்டிலுக்கும் சேத்து ஒட்டி, குறுக்கால அவ கையெழுத்து.

"என்னம்மா இது?"

"டேப் அக்கா."

"கண்ணு தெரியுது எனக்கு. எதுக்கு?"

"சும்மா. எப்போ திறக்கறோம்னு தெரியறதுக்கு."

"நான் திறக்கறது தெரியறதுக்கா, இல்ல நான் தண்ணி கலக்கறது தெரியறதுக்கா?"

இல்லக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன். அவ நகத்தால டேப் ஓரத்தை அமுக்கி விட்டுக்கிட்டே இருந்தா.

"கோச்சுக்காதீங்க அக்கா. நீங்களே யோசிங்க. காலையில என் கையால குடுக்கறதைக் குடிக்கறான். ஃபிரிட்ஜ்ல இருந்ததைத் துப்பறான். நடுவுல வர்றது என்ன? ஃபிரிட்ஜ். அது யார் கையில இருக்கு?"

"அடியம்மா! அந்தக் கணக்கு எனக்கும் போடத் தெரியும். வீட்டுல எடுத்ததைக் குடிக்கறான். கார்ல எடுத்ததைத் துப்பறான். நடுவுல வர்றது என்ன? கார். அது யார் கையில இருக்கு?"

"டிரைவர் அண்ணன் கையிலயா?"

"நான் பேரைச் சொன்னேனா? நீதான் சொல்ற."

ஹால்ல மாமனார் பேப்பரை முகத்துக்கு நேரா தூக்கிக்கிட்டாரு. பேப்பர் தலைகீழா இருந்துச்சு.

எனக்கு அந்த டிரைவர் மேல ரொம்ப நாளாவே ஒரு சந்தேகக் கண்ணு. அவனுக்கு நான் வெச்ச பேரு நுரை. காரை நிறுத்தினா போதும், ஷாம்பூ பாட்டிலும் பஞ்சுமா இறங்கிடுவான். கதவு, டயர், மிதியடி, சீட்டு இடுக்கு, ஒண்ணு விடமாட்டான். எங்க வாசல்ல வண்டி வந்து நின்னா அஞ்சு நிமிஷத்துல தெருவே சலவைக்கடை மாதிரி மணக்கும். சோப்பு வாடை எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க பெரிய படிப்பு வேணுமா? ஐஸ் பெட்டியையும் அவன் நுரை போட்டுத் துடைக்கிறான், பாட்டில்ல இறங்குது. அவ்வளவுதான் விஷயம்னு எனக்கு.

"நாளைக்கு நான் உன்கூட கார்ல வர்றேன்"ன்னேன்.

"எதுக்கு அக்கா?"

"நீ என் ஃபிரிட்ஜுக்கு சீல் வெச்சேல்ல? நான் உன் காரைச் சோதிக்கறேன்."

அவளால மறுக்க முடியல. சோதனைன்னு சொன்னா அவளுக்கு மறுக்கற வழி கிடையாது, ஊரையே அப்படித்தானே மடக்கறா. கொழுந்தனுக்கு மறுநாள் வாரலீவு. பயலை அவன் கிட்ட விட்டேன். "அண்ணி, அழுதா என்ன பண்றது?"ன்னான். "நீயும் சேந்து அழு, துணைக்கு ஆகும்"னுட்டுக் கிளம்பினேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஐஸ் பெட்டியைக் கொதிக்கற வெந்நீர்ல நானே கழுவினேன். பாட்டில், மிஷின் மூடி, ரப்பர் எல்லாத்தையும் வேக வெச்சு எடுத்தேன். வாசல்ல நுரை பஞ்சை நனைச்சுக்கிட்டு நின்னான்.

"அந்த ஷாம்பூவை இப்படிக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"இன்னைக்கு ஒரு நாள் வண்டி அழுக்கா ஓடட்டும். பெட்டியைத் தொட்டீங்களா?"

"வெளிப்பக்கம் துடைப்பேன்மா. உள்ள தொட்டதே இல்ல. தெய்வம் குடிக்கற பால் மாதிரி, நான் எப்படித் தொடுவேன்?"

இந்த மாதிரி பேசறவங்களைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன். ஷாம்பூ பாட்டிலை வாங்கி வீட்டு அலமாரியில வெச்சுப் பூட்டிட்டு வந்தேன். அவன் கையில பஞ்சை வெச்சுக்கிட்டு, பொம்மையைப் பறிகொடுத்தவன் மாதிரி நின்னான்.

பின் சீட்டுல நானும் அவளும். பெட்டி என் காலடியில. ஊர் தாண்டினதும் அவ ஜன்னலுக்குக் கறுப்புத் திரை மாட்டினா, சால்வையைப் போத்தினா. சீட் பெல்ட்டைக் கழட்டவும் முடியாது, போட்டா குழாய்க்கு மேல அழுத்துது. அதைக் கொஞ்சம் தூக்கி, தோள் பக்கமா ஒதுக்கி, ஒரு கையால பாட்டிலைப் பிடிச்சு, இன்னொரு கையில பைலைத் திறந்து வெச்சுப் படிக்கிறா. வண்டி பள்ளத்துல இறங்கினா பல்லைக் கடிச்சுக்குவா. மிஷின் கொர்ர்ருனு இழுத்து புஸ்ஸுனு விடுது, கொர்ர், புஸ். நான் ரெண்டு பிள்ளைக்குப் பால் குடுத்தவ, படுத்துக்கிட்டே குடுத்தவ. இதைப் பாத்துட்டு, அவ படிக்கற பைலோட ஒரு ஓரத்தை நான் பிடிச்சுக்கிட்டேன்.

நுரை என்ன பண்றான்னு பாத்தேன். மிஷின் சத்தம் கேட்டதுமே முன்னாடி இருக்கற கண்ணாடியை மேல பாக்கத் திருப்பி விட்டான். பக்கத்துக் கண்ணாடி ரெண்டை மட்டும் பாத்து ஓட்டறான். வேகத்தைக் குறைச்சு, பள்ளம் வந்தா "மேடம், குழி"ன்னு முன்கூட்டியே சொல்றான். இதுல குத்தம் கண்டுபிடிக்க நான் என்ன பாடுபட்டேன்னு எனக்குத்தான் தெரியும்.

பாட்டில் நிரம்பிச்சு. மூடறதுக்கு முன்னாடி வாங்கி மோந்து பாத்தேன். ஒரு வாடையும் இல்ல. ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நக்கியும் பாத்தேன், தித்திப்பு.

"என்னக்கா, குடிச்சே பாக்கறீங்க?"

"சோதனைன்னா சோதனைதான்."

அவ டேப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டா. "நானும் போடுவேன்"னு பேனாவைப் பிடுங்கி, பக்கத்துல என் கையெழுத்தையும் போட்டேன். அதுக்கப்புறம் பெட்டியை என் ரெண்டு பாதத்துக்கு நடுவுல வெச்சுக்கிட்டேன். அவ ஒரு அரிசி மில்லுல இறங்கினப்பவும் நான் வண்டியை விட்டு இறங்கல. மில்லுக்காரர் ஓடி வந்து ஜூஸ் நீட்டினாரு. இவ வேண்டாம்னுட்டா. "வண்டியில இருக்கற அம்மாவுக்காவது"ன்னாரு. எனக்கு நாக்கு வறண்டு கெடந்துச்சு. இவ ஒரு பார்வை பாத்தா. "எனக்கும் வேண்டாம்"னேன். இவ கூட ஒரு நாள் போனா தாகத்துலயே செத்துருவோம்.

மத்தியானத்துக்கு மேல, அடுத்த ஊருக்குப் போற வழியில ரெண்டாவது தடவை மிஷினைப் போட்டா. பாதி நிரம்பியிருக்கும், ரோட்டோரமா நின்ன போலீஸ்காரன் கையைக் காட்டி நிறுத்தினான். சின்னப் பையன், மீசை இப்பத்தான் ஒழுங்கா வந்திருக்கு.

"கண்ணாடியை ஏன்யா மேல பாத்துத் திருப்பி வெச்சிருக்க?"

"மரியாதைக்கு சார்"னான் நுரை.

"யாருக்கு, கூரைக்கா? உள்ள என்ன சத்தம்?"

"மிஷின் சார்."

"என்ன மிஷின்?"

நுரை ஸ்டியரிங்கைப் பாத்தான். "மேடம் மிஷின் சார்."

"டிக்கியில?"

"எடைக்கல்லு சார்."

போலீஸ்காரன் மூஞ்சி மாறிடுச்சு. திரை போட்ட ஜன்னலு, கொர்ருனு ஒரு சத்தம், எடைக்கல்லு, பேச்சுக்குப் பேச்சு முழிக்கிற டிரைவரு. அவன் இடத்துல நானா இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். பின் ஜன்னலைத் தட்டினான். திறந்தேன்.

"அந்தச் சால்வைக்குள்ள என்ன? எடுங்க."

"எடுத்தா நீதான் தம்பி ஓடுவ. பிள்ளைக்குத் தாய்ப்பால் எடுத்துட்டு இருக்கா."

அவன் காது சிவந்து போச்சு. ஆனாலும் விடல. வேற பக்கம் பாத்துக்கிட்டே, "பெட்டியில என்ன?"ன்னான்.

"எடுத்த பால்."

"போன வாரம் ஒருத்தன் இப்படித்தான் பால்னு சொல்லி கேன் கேனா சாராயம் கொண்டு போனான். திறந்து காட்டுங்க."

இவ மிஷினை நிறுத்திட்டு, தன்னோட ஆபீஸ் அட்டையைக் காட்டினா. "நீங்க கேக்கறது சரிதான். சோதிக்கணும்னா சோதிங்க. ஆனா டேப்பை நான்தான் கிழிப்பேன்." அவளுக்கு அதுல வேற பெருமை! நான் பெட்டியைத் திறந்து, காலையில கார்ல நிரப்பின பாட்டிலை எடுத்தேன். டேப் அப்படியே இருந்துச்சு, ரெண்டு கையெழுத்தும் ஒட்டின இடத்துலயே. அவ கிழிச்சு மூடியைத் திறந்து நீட்டினா.

போலீஸ்காரன் தூரத்துல இருந்தே மூக்கை நீட்டினான்.

"என்னம்மா இது, சோப்புத் தண்ணி மாதிரி அடிக்குது?"

நான் பிடுங்கி மோந்தேன். அதே வாடை. வீட்டுல பயல் துப்பற அதே வாடை. இப்போ மிஷின்ல பாதி நிரம்பியிருந்த பாட்டிலை வாங்கி மோந்தேன். ஒண்ணுமில்ல, தித்திப்பா பால் வாசம். மறுபடி காலைப் பாட்டில், சோப்பு. மறுபடி புதுப் பாட்டில், ஒண்ணுமில்ல.

அவளும் வாங்கி மோந்தா.

"காலையில நீங்க பாத்தீங்கல்ல அக்கா?"

"பாத்தேன். நக்கியே பாத்தேன்."

"டிரைவர் அண்ணன்?"

"தொடல. பெட்டி என் காலை விட்டு அசையல."

"ஐஸ்?"

கையை விட்டுப் பாத்தேன். விரல் விறைச்சுப் போச்சு. "நல்லா இருக்கு."

நுரை முன்னாடி இருந்து மெதுவா, "ஷாம்பூவும் இல்லம்மா"ன்னான். அதைச் சொல்ல அவனுக்கு உரிமை இருக்கு.

"அப்போ நீங்களும் இல்ல, அவரும் இல்ல, வண்டியும் இல்ல"ன்னா அவ. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தா. "அப்போ நான்தானா அக்கா? என் பால்லயே கோளாறா?"

எத்தனை பேரை அவ இப்படி நிறுத்தி வெச்சுக் கேள்வி கேட்டிருப்பா. இப்போ தன்னையே நிறுத்தி வெச்சுக் கேக்கறா. ஊரைச் சந்தேகப்பட்டப்போ எனக்கு அவ மேல கோவம் வந்துச்சு. தன் உடம்பைச் சந்தேகப்பட்டப்போ அந்தக் கோவத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னே தெரியல.

"பேசாம இரு. ஆஸ்பத்திரிக்குப் போன் போடு"ன்னேன்.

போலீஸ்காரன் இன்னும் ஜன்னல் கிட்டயே நின்னான். "நான் போலாமாக்கா?"ன்னு என்னைக் கேக்கறான்.

"போ தம்பி. நீ நிறுத்தினதும் நல்லதாப் போச்சு."

"கண்ணாடியை மட்டும் நேரா வைக்கச் சொல்லுங்க"ன்னுட்டுப் போனான்.

பிள்ளைக்கு எடை பாத்த அதே நர்ஸ்தான் போனை எடுத்தா. ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் அவ சிரிச்சா. எனக்கு ஒரு நிமிஷம் அவ மேலயும் சந்தேகம் வந்துச்சு, இதுல என்ன சிரிப்புன்னு.

"பால் கெடல மேடம். சில பேருக்கு இப்படித்தான். பால்லயே இருக்கற ஒண்ணு, கொழுப்பைச் சீக்கிரமா உடைச்சுடும். எடுத்தவுடனே தெரியாது. வைக்க வைக்க சோப்பு வாடை வரும், ஐஸ்ல வெச்சாலும் வரும். குடிச்சா ஒண்ணும் பண்ணாது. சில பிள்ளைங்க கண்டுக்காது, உங்க பிள்ளைக்கு நாக்கு நீளம்."

"அது அப்படியே அவங்க அம்மா"ன்னேன் நான்.

"எடுத்த உடனே அடுப்புல வைங்க. கொதிக்க விடக் கூடாது. ஓரத்துல பொடிப் பொடியா குமிழி வர்றப்போ இறக்கிடுங்க. சீக்கிரமா ஆற வெச்சு ஐஸ்ல வெச்சுட்டா வாடை வராது. ஏற்கெனவே வாடை வந்ததுக்கு இது உதவாது."

அதாவது எடுத்த உடனே. எடுக்கறது நடுரோட்டுல. அடுப்புக்கு எங்க போறது?

"மில்லுக்குத் திரும்பிப் போலாம் மேடம்"னான் நுரை. "அங்க ஜூஸ் குடுக்கறவரு அடுப்பு தர மாட்டாரா?"

"முடியாது. அங்க இன்னும் ஒரு தராசு பாக்கி இருக்கு. அவர் அடுப்புல நான் பால் காய்ச்சிட்டு அவர் தராசை எப்படிப் பூட்டுவேன்?"

"பிள்ளைக்கு மேடம்!"

"பிள்ளைக்குன்னாலும் முடியாது அண்ணே."

கொஞ்ச தூரத்துல ஒரு டீக்கடை. நுரை காட்டினான். இவ இறங்கிப் போனா, அடுப்பைப் பாக்கல. கடையைச் சுத்திச் சுத்தி வந்து பலகைக்கு அடியில எல்லாம் குனிஞ்சு பாக்கறா. டீக்காரர் பயந்துட்டாரு.

"என்னம்மா தேடறீங்க?"

"தராசு இருக்கா?"

"டீக்கு எதுக்கும்மா தராசு?"

"எடை போட்டு எதுவும் விக்கறீங்களா? பொட்டலம்? மிக்சர்?"

"பன்னு இருக்கு. எண்ணித்தான் குடுப்பேன்."

இவ என் பக்கம் திரும்பினா. அன்னைக்கு முதல் தடவையா அவ மூஞ்சியில சிரிப்பைப் பாத்தேன். "அக்கா, இந்தக் கடை எனக்குக் கீழ வராது! இவர் கிட்ட அடுப்பு கேக்கலாம்!"

டீக்காரருக்கு ஒண்ணும் புரியல. நான் சின்னப் பாத்திரம் ஒண்ணு கேட்டு வாங்கி, வெந்நீர் ஊத்தி மூணு தடவை அலசினேன். அவரு ஒவ்வொரு தடவையும் என்னையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பாத்தாரு.

"நீங்க கலப்படம் பிடிக்கறவங்களா? என் பால்ல தண்ணி ரொம்பக் கிடையாதும்மா, கொஞ்சம்தான்."

"உங்க பால் எங்களுக்கு எதுக்கு? நாங்களே பால் கொண்டாந்திருக்கோம்."

"எங்க வாங்கினீங்க?"

"வாங்கல. வீட்டுப் பால்"னேன். இவ சால்வைக்குள்ள முகத்தை மறைச்சுக்கிட்டுச் சிரிச்சா. விட்ட பாதியை வண்டியில உக்காந்து எடுத்து முடிச்சுக் கொண்டு வந்து குடுத்தா. ஊத்தினேன். தீயைச் சின்னதா வெச்சேன். நாங்க ரெண்டு பேரும் தலையை முட்டிக்கிட்டுப் பாத்திரத்துக்குள்ள பாக்கறோம். ஓரத்துல மணல் மாதிரி பொடிக் குமிழி ஒண்ணு வந்துச்சு, பக்கத்துல இன்னொண்ணு.

"இறக்குங்க அக்கா."

"இரு, சுத்தி வரட்டும்."

"கொதிச்சுரும்!"

"இருபது வருஷமா பால் காய்ச்சறேன், எனக்குச் சொல்லித் தராதே."

சுத்தி வந்ததும் இறக்கினேன். பச்சத் தண்ணியில வெச்சு ஆத்தி, பாட்டில்ல ஊத்தி, ஐஸ் பெட்டியில வெச்சோம். டேப் ஒட்டலையான்னு கேட்டேன். "ஒட்டணும்"னா, ஒட்டினா, பேனாவை என் கையில குடுத்துட்டு அவ கையெழுத்து போடாம நின்னா. நான் மட்டும் போட்டேன். மன்னிப்பெல்லாம் அவ வாயில வராது. அவ்வளவுதான் வரும். எனக்கு அது போதும்னு சொல்ல மாட்டேன், ஆனா வாங்கிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தா, பயலும் அவன் அப்பனும் அழுது முடிச்சுத் தூங்கிட்டு இருந்தாங்க.

மறுநாள் காலையில அவ பையை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போனா, திரும்பி வந்து ஃபிரிட்ஜைத் திறந்து அந்தப் பாட்டிலை ஒரு தடவை பாத்தா, போனா, மறுபடியும் வந்தா. மாமனார் பேப்பருக்குப் பின்னாடி இருந்து, "அந்த சமாச்சாரம் எங்கயும் ஓடிறாதும்மா, வேலைக்குப் போ"ன்னாரு. முந்தின நாள் நடந்ததை நான் அவருக்கு ஒண்ணு விடாம சொல்லியிருந்தேன். வாடைங்கற வார்த்தை வந்தப்போ காதைப் பொத்திக்கிட்டாரு, ஆனா டேப்பு விஷயம் வந்தப்போ நல்லாக் கேட்டாரு.

காலைப் பாட்டில் தீர்ந்துச்சு. பயல் விளையாடினான், தூங்கினான், எந்திரிச்சு முனக ஆரம்பிச்சான். நான் கார்ப் பாட்டிலை எடுத்து டேப்பைக் கிழிச்சேன். மோந்தேன். வாடை இல்ல. ஆனா என் மூக்கை நான் நம்பத் தயாரா இல்ல, துப்பறது என் மூக்கு இல்லயே. மாமனாரைக் கூப்பிட்டு, "மாமா, கொஞ்சம் மோந்து பாருங்க"ன்னேன். மனுஷன் செருப்பு கூடப் போடாம தெருவுக்குப் போயிட்டாரு.

சூடு காட்டி, மடியில போட்டு, வாயில வெச்சேன். ஒரு இழுப்பு இழுத்தான். நிறுத்தினான். என்னைப் பாத்தான். அம்மா பார்வை அப்படியே, "இதுல என்ன வெச்சிருக்க?"ங்கற மாதிரி. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, துப்பினாத் துடைக்க முந்தானையைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டேன்.

அந்த நேரம் பாத்துப் போன் அடிக்குது. அவதான். ஒரு கையால எடுத்தேன்.

"அக்கா, குடிச்சானா?"

"இப்பத்தான் வாயில வெச்சிருக்கேன். கத்தாதே."

"துப்பிட்டானா? துப்பிட்டான்தானே? என் கிட்ட மறைக்காதீங்க."

"மறைக்கல."

"நீங்க என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு குடிச்சான்னு சொல்லுவீங்க. எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லுங்க அக்கா, நான் இன்னைக்கே எழுதிக் குடுத்துடறேன்."

இவளுக்கு வாயால சொல்லி ஆகாதுன்னு எனக்குத் தெரியும். போனைக் கொண்டு போய்ப் பயல் கன்னத்துல ஒட்ட வெச்சேன். அவன் ரெண்டாவது இழுப்பு இழுத்தான், மூணாவது. அப்புறம் கையை நீட்டிப் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு, மடக் மடக்குனு, மூக்கால மூச்சு விட்டுக்கிட்டு, நிறுத்தாம குடிக்க ஆரம்பிச்சான். அந்தப் பக்கம் வண்டி ஓடற சத்தம். நுரை "மேடம், குழி"ங்கறான்.

பாட்டில் காலியாகி, காத்தை உறிஞ்சற சத்தம் வர்ற வரைக்கும் நான் போனை எடுக்கல. அவளும் வைக்கல.